கோயிலும் இருக்கட்டும், சர்ச்சும் இருக்கட்டும், முதல்ல அந்த ஆமை

ஒன்பது வயசுப் பையன் பிள்ளையார்பட்டி, சர்ச், பள்ளிவாசல்னு எல்லாத்துக்கும் போறான், வீட்ல ஆடு, கிளி, ஆமைன்னு சேக்குறான், எதை நிறுத்தணும்னு கேட்டிருக்கீங்க. சாமி விஷயத்துல எதையும் நிறுத்த வேணாம். நிறுத்த வேண்டியது கிளியும் ஆமையும்தான்.

பச்சைக்கிளி, முதுகுல நட்சத்திரக் கோடு போட்ட கட்டாமை ரெண்டுமே 1972 வனஉயிர் சட்டப்படி வீட்ல வளக்கக் கூடாது, அன்பா வச்சிருந்தாலும் குத்தம்தான். ஆமை உடம்புல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், தொட்ட கையோட பிரசாதம் சாப்பிட்டா வயித்தால போகலாம். ஆடு தாராளமா இருக்கட்டும்.

அப்பத்தாவோட கோயில், கூட்டாளியோட சர்ச், நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல், இந்த வயசுல சாமியவிட சேக்காளிதான் இழுக்குறது (கஞ்சியும்தான், எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான்). சந்தேகமா இருந்தா, அங்க என்னப்பா பண்ணுனேன்னு சும்மா கேட்டுப் பாருங்க. விளையாட்டு, சாப்பாடு, பாட்டுன்னு சொன்னா விட்டுருங்க. பயந்தோ மறைச்சோ பேசுனா மட்டும் உக்காந்து விசாரிங்க, அது கோயிலா இருந்தாலுஞ் சரி.

பறவை ஆசைக்கு மழை முடிஞ்சதும் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் கூட்டிட்டுப் போங்க, அங்க கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடுறதில்லைன்னு சொல்லுங்க, கிளிய விட்டுக்குடுக்க மனசு வரும்.

ஒண்ணு மட்டும், பாவம்னு நீங்களா கண்மாய்க்கரையில திறந்து விட்றாதீங்க, கூண்டுல வளந்த கிளி வெளிய பொழைக்கிறது கஷ்டம், வனத்துறைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு ஒப்படைங்க.