போர்ட்டைத் திருப்பியும் வெளியிலிருந்து திறக்கவில்லையா? முதலில் ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள்

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, புலமைப்பரிசில், ஓ.எல். பழைய வினாத்தாள்களை ஸ்கேன் பண்ணி, பழைய லெப்டொப் ஒன்றில் வெப் சர்வர் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் நன்றாகத் திறக்கிறது. சிம் போடுகிற 4ஜி ரவுட்டரில் 80ஆம் போர்ட்டை லெப்டொப்புக்குத் திருப்பியும் விட்டேன். வெளியில் பிள்ளைகள் யாருக்கும் திறக்கவில்லை. மூன்று நாளாக மண்டை காய்கிறது."

தம்பி, போர்ட் என்பது வெளியிலிருந்து வருபவர்களுக்கான எண்ணிட்ட கதவு மாதிரி, அதை லெப்டொப்புக்குக் காட்டி விடுவதுதான் திருப்புவது. ரவுட்டரில் அந்தப் பக்கத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். "சிம் போடுகிற ரவுட்டர்" என்றீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, கம்பனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்று ஒன்று இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், நீங்கள் எத்தனை போர்ட்டைத் திருப்பினாலும் வேலைக்காகாது. உங்கள் ரவுட்டருக்கு மேலே கம்பனியிடம் இன்னொரு பெரிய நாட் (NAT, பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு) இருக்கிறது, ஏராளமான வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அர்த்தம். இதைத்தான் சிஜிநாட் (CGNAT) என்பார்கள், சிம் இணைப்புகளில் இது சாதாரணம். ஐபிவி4 (இப்படிப் புள்ளி வைத்த நான்கு எண்) முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011லேயே தீர்ந்துவிட்டது, 100.64 வரிசையை இந்தத் தேவைக்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள்.

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வந்து கிடக்கும் அல்லவா, அதே கதைதான். உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டினாலும், ஆபீசில் இருப்பவருக்கு அது எந்த லயம், எந்தக் காம்பரா (அறை) என்று தெரியாதே.

ஹட்டனில் என் வீட்டிலும் இதேதான் நடந்தது. இரண்டு இரவு ரவுட்டரை ரீசெட் பண்ணிப் பண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் வான் ஐபி 100.72 என்று தொடங்குவதைக் கவனித்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்படியிருந்தால் என்ன வழி? கம்பனியிடம் பொது ஐபி கேட்கலாம், கிடைத்தாலும் பெரும்பாலும் தனிக் கட்டணம் வரும். உங்கள் வேலைக்கு நான் சொல்வது டனல்தான். கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒன்றை லெப்டொப்பில் ஓடவிட்டால், லெப்டொப்பே உள்ளிருந்து வெளியே ஒரு இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிள்ளைகள் அதன் வழியாக வருவார்கள். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம், கரண்ட் போய் வந்து ஐபி மாறினாலும் கவலையில்லை. சொந்த டொமைன் பெயர் (தளத்துக்கான பெயர்) ஒன்று மட்டும் வாங்க வேண்டிவரும்.

சரி, இரண்டு முகவரியும் ஒன்றாகவே இருக்கிறது என்று வைப்போம். அப்போது வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைப் போட்டுச் சோதிக்காதீர்கள், பல ரவுட்டர்கள் அதை உள்ளே திருப்பி விடாது, எல்லாம் சரியாக இருந்தும் திறக்காத மாதிரித் தெரியும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் பாருங்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு டைம்அவுட் என்று வந்தால் பெரும்பாலும் வழியில் யாரோ பாக்கெட்டை, அதாவது அனுப்பிய தரவுத் துண்டை, தின்றுவிடுகிறார்கள்: கம்பனி 80ஐ அடைத்திருக்கலாம், அல்லது லெப்டொப்பின் ஃபயர்வோல் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) தடுத்திருக்கலாம். விண்டோஸ் உங்கள் வைஃபையைப் பப்ளிக் என்று குறித்திருந்தால் அங்கேயே தடுத்துவிடலாம். உடனே மறுத்துவிட்டால் பாக்கெட் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தக் கதவில் ஆளில்லை. லெப்டொப்பின் உள் ஐபி (வீட்டுக்குள் ரவுட்டர் கொடுக்கும் முகவரி) மாறியிருக்கலாம். ரவுட்டரில் அதற்கு நிரந்தரமாக ஒரு ஐபி ஒதுக்குங்கள், ஆனால் கேபிளுக்கு ஒரு மேக் முகவரி (ரவுட்டர் கருவியை அடையாளம் காணும் எண்), வைஃபைக்கு வேறு ஒன்று என்பதை மறக்காதீர்கள். கேபிளின் மேக்கைக் கொடுத்துவிட்டு வைஃபையில் இணைத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்த அவசரத்திலும் ரவுட்டரில் டிஎம்இசட் (DMZ, வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு விடும் அமைப்பு) பக்கம் போகாதீர்கள், அது லெப்டொப்பை அப்படியே நடுரோட்டில் வைப்பது மாதிரி. ரவுட்டரின் அட்மின் பக்கத்தையும் வெளியே திறக்க வேண்டாம். பிள்ளைகளின் பெயர், மார்க்ஸ் பட்டியல் ஏதாவது அந்த லெப்டொப்பில் இருந்தால் முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வான் ஐபியைப் பார்த்ததும் அதன் முதல் இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள் தம்பி, முழுதும் வேண்டாம். டனல் போடுவதானால் லெப்டொப்பில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்பதையும் சொல்லுங்கள்.