பென்ஸில் எந்தப் படி? – வாகனம் குறித்த வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். வாரம் இருமுறை சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. ஏ-கிளாஸ், சி-கிளாஸ், இ-கிளாஸ் என்று மூன்று விலைகளைச் சொல்கிறார்கள். என் மைத்துனரோ, "முகப்பில் இருக்கும் நட்சத்திரம் ஒன்றுதானே மாமா, குறைந்த விலையிலேயே வாங்கிவிடுங்கள்" என்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தங்கள் கடிதத்தில் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. காரைத் தாங்கள் ஓட்டப் போகிறீர்களா, ஓட்டுநரை வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமரப் போகிறீர்களா? என் விடை முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

ஏ-கிளாஸில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களை இழுக்கிறது. சி-கிளாஸிலும் இ-கிளாஸிலும் நீளவாட்டில் அமர்ந்து பின்சக்கரங்களை உந்துகிறது. 1997-இல் ஏ-கிளாஸ் வரும்வரை பென்ஸ் நிறுவனம் முன்சக்கர இயக்கத்தில் கார் விற்றதில்லை, பி.எம்.டபிள்யூ இன்னும் தாமதமாக, 2014-இல்தான் அந்தப் பக்கம் வந்தது. அதன் இன்றைய 2 சீரீஸ் கிரான் கூப்பேயும் முன்சக்கர இயக்கமே. ஆகவே முதல் படியான ஏ-கிளாஸுக்கும் இரண்டாம் படியான சி-கிளாஸுக்கும் இடையில் அடிப்படைக் கட்டமைப்பே மாறிவிடுகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தாங்களே ஸ்டியரிங் பிடித்து ஏறினால் இந்த வேறுபாடு கையில் தெரியும், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஓட்டுநர் ஓட்டிச் செல்லும்போது பின்னால் அமர்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பின்னால் அமர்பவருக்குத் தெரிவது நீளம். சி-கிளாஸின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், 2,865 மில்லிமீட்டர். நம் நாட்டில் 2017 முதல் நீட்டிக்கப்பட்ட வடிவத்தில் விற்கப்படும் இ-கிளாஸில் அது இப்போது 3,094. இடைவெளி 229 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய முக்கால் அடி. அதில் பெரும்பகுதி பின்னிருக்கையில் இருப்பவரின் முழங்காலுக்கு முன்னால்தான் சேர்கிறது. ஆம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்பவருக்கு இந்த முக்கால் அடி மிகப் பெரிது.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஷோரூம் பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதல். சி-கிளாஸ் ஏறத்தாழ 60 லட்சம், இ-கிளாஸ் ஏறத்தாழ 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். எனவே 20 லட்ச வேறுபாடு ஆர்.டி.ஓ. வாசலிலேயே 24 லட்சமாகிவிடுகிறது, காப்பீடு தனி. நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கார் வியாபாரம், வாடகைக் கார், ஓட்டுநர் பயிற்சி போன்ற தொழில் செய்வோரைத் தவிர மற்றவர்களுக்குப் பயணிகள் காரின் மீது அந்த உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. தேய்மானம் மட்டும் கணக்கில் காட்டலாம்.

தங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூவின் நீளமான 3 சீரீஸில் வீல்பேஸ் 2,961 மில்லிமீட்டர். விலையில் அது சி-கிளாஸுக்கு அருகில் நிற்கிறது. தாங்கள் ஓட்டுநர் வைத்துக்கொள்பவர் என்றால் நான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது அதைத்தான். இருக்கை தாழ்வாக இருக்கும். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஏற்றி இறக்கிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். தாங்களே ஓட்டுவதானால் சி-கிளாஸ் போதும். ஏ-கிளாஸை இந்தப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், மைத்துனர் மன்னிப்பாராக.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் இருப்பவர்கள். அரைக் கோடிக்கு மேல் விலை சொல்லும் காரின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தால் தோல் போலவே இல்லையே?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: தங்கள் விரல் பொய் சொல்லவில்லை. பென்ஸின் கீழ்ப்படிகளில் வரும் 'ஆர்ட்டிகோ' என்பது செயற்கைத் தோல், பி.எம்.டபிள்யூவின் 'சென்சாடெக்', அண்மைக்காலத்து 'வேகன்சா' ஆகியவையும் அவ்வாறே. பெயரைக் கேட்டால் ஏதோ ஜெர்மன் மாட்டின் இனப்பெயர் போலத் தோன்றும். உச்சப் படியான எஸ்-கிளாஸுக்குப் போனால்தான் மெல்லிய நாப்பா தோல் இயல்பாகக் கிடைக்கிறது. உண்மைத் தோல் என்று எழுதப்பட்ட பல கார்களிலும் உடம்பு படும் பகுதி மட்டுமே தோலாக இருக்கும். இருக்கையின் பக்கவாட்டும் முதுகுப்புறமும் செயற்கைதான். வெட்டுமுனையைப் பார்த்தால் தங்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்: தோலில் நார் இருக்கும், செயற்கையில் துணி ஒட்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் மடித்துத் தைத்த இடத்தில் அதைத் தேடுங்கள்.

இதில் ஏமாற்று இல்லை, விவரப் பட்டியலில் எழுதியே விற்கிறார்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் காருக்குச் செயற்கைத் தோலே குறைந்த பராமரிப்பில் தாக்குப்பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஜெர்மனிக்கு ஷூ அனுப்பும் ஊரிலிருந்து ஒருவர் ஜெர்மன் காரில் அமர்ந்து, "இது தோல் இல்லையே" என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கேள்வி: பி.எம்.டபிள்யூ 330 என்றால் 3.0 லிட்டர் எஞ்சின் என்று பொருளா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஒரு காலத்தில் அப்படி இருந்தது. இப்போதைய 330-லும் 530-லும் இருப்பது இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். இரண்டிலும் 258 குதிரைத்திறன். முதல் இலக்கம் காரின் படியையும், அடுத்த இரண்டும் திறனின் வரிசையையும் காட்டுகின்றன. படி உயர்ந்தால் எஞ்சினும் பெரிதாகும் என்று எண்ண வேண்டாம். இங்கே உயர்வது உடலும் வசதியும் மட்டுமே.

கேள்வி: மின்சாரக் காருக்கு வரி குறைவு என்கிறார்களே?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5. அதனால்தான், செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள தொழிற்சாலையில் பொருத்தப்படும் பி.எம்.டபிள்யூவின் நீளமான மின்சாரக் கார் ஐஎக்ஸ்1, முதல் படியின் பெட்ரோல் கார்களோடு விலையில் போட்டியிட முடிகிறது. வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருந்தால் தயங்காமல் பார்க்கலாம்.

கேள்வி: புதிய சி-கிளாஸ் வாங்கும் பணத்தில் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய எஸ்-கிளாஸோ பி.எம்.டபிள்யூவின் 7 சீரீஸோ கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: ஆசை நியாயமானதே. பின்னிருக்கையின் அமைதியை எந்தப் புதிய சி-கிளாஸும் தராது. ஆனால் வாங்கும் விலைதான் குறைந்திருக்கிறது. டயர், பிரேக், உதிரிபாகம் எல்லாம் இன்றும் ஒன்றரைக் கோடி ரூபாய்க் காருக்குரிய விலையிலேயே வரும். இரண்டிலும் இருப்பது ஏர் சஸ்பென்ஷன், அதாவது காரின் எடையைக் காற்று நிரம்பிய பைகள் தாங்கும் அமைப்பு. அதன் ரப்பர்ப் பைகள் வயதாலும் வெப்பத்தாலும் விரிசல் விடும், வேலூர்க் கோடையைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயர் பொருத்திய கார்களில் பெரும்பாலும் மாற்றுச் சக்கரம் இருக்காது என்பதையும் கவனியுங்கள்; காற்று இறங்கிய பின் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் வரைதான் போகலாம். காட்பாடியிலிருந்து சென்னைக்கு அது போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், விற்பவரிடம் கேட்டு ஓர் இரவு முழுவதும் காரைச் சமதளத்தில் நிறுத்திவையுங்கள். விடிந்ததும், எஞ்சினை முடுக்குமுன், நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப் கொண்டு அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்த மூலையைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு விலை பேசுங்கள்.