பெயர் ஒன்று, ஆள் இரண்டு

கேள்வி: நடிகர் டி.ஆர். மகாலிங்கம் புல்லாங்குழலும் வாசித்தாரா? பழைய இசைத்தட்டு ஒன்றில் அதே பெயரைப் பார்த்தேன்.

பதில்: இவர் வேறு, அவர் வேறு. பாடி நடித்த மகாலிங்கம் (1924–1978) சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். ரசிகர்கள் ‘மாலி’ என்று கொண்டாடிய புல்லாங்குழல் மகாலிங்கம் (1926–1986) திருவிடைமருதூர்க்காரர். வயதில் இரண்டே ஆண்டு வித்தியாசம், இருவருக்கும் தொழில் சங்கீதம், தலைப்பெழுத்தும் ஒன்று. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தலைப்பெழுத்தைத் தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. நடிகர் தெ.ரா. (தென்கரை ராமகிருஷ்ணன்), மாலி தி.ரா. (திருவிடைமருதூர் ராமசாமி). ஆங்கில எழுத்துக்குப் போனதும் த, தி, து, தெ எல்லாம் ‘டி’ என்ற ஒரே குடைக்குள் வந்துவிடுகின்றன. ச, சா, சி, சு எல்லாவற்றுக்கும் ‘எஸ்’. உயிர்மெய் காட்டிக்கொடுக்கும் வேறுபாட்டை ஒற்றை ஆங்கில எழுத்து விழுங்கிவிடுகிறது.

கேள்வி: எங்கள் சங்க மலருக்கு வாழ்க்கைக் குறிப்புகள் தொகுக்கிறேன். ஒரே பெயர்க்காரர்களின் தகவல்கள் கலந்துவிடாமல் இருக்க என்ன வழி?

பதில்: முதலில் தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள்: ஊர் எது, தகப்பனார் பெயர் எது என்று. பக்கத்திலேயே பிறந்த, மறைந்த ஆண்டுகள். பிறகு ஒவ்வொரு நூலையும் பதவியையும் அந்த ஆண்டுகளோடு கூட்டிக் கழித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஆராய்ச்சி நூல் என்று கணக்கு வந்தால், அது வேறொருவர் எழுதியது. மறைவுக்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் அவசரப்பட்டு அடிக்க வேண்டாம். மறுபதிப்பாக இருக்கலாம், முதற்பதிப்பைத் தேடுங்கள்.

ஆண்டு மட்டும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. கே.எஸ். கிருஷ்ணன், எம்.எஸ். கிருஷ்ணன் இருவருமே தமிழர்கள், இருவருமே விஞ்ஞானிகள், இருவரும் பிறந்தது 1898. முன்னவர் சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த இயற்பியலாளர். பின்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். இங்கே துறைதான் கைகொடுக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஒருவரையே இருவராக்குவது. ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி என்று நூலகப் பட்டியலில் மூன்று இடங்களில் பிரிந்து கிடப்பார். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். படத்தைக் கடைசியாகச் சேருங்கள். இணையத் தேடலில் பெயரை மட்டும் போட்டுக் கிடைக்கும் படத்தை நம்பி அச்சேற்றுவதுதான் மலர்களில் அடிக்கடி நடக்கும் விபத்து.

கேள்வி: அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவரும் ஆத்திசூடி எழுதியவரும் ஒரே அவ்வையார்தானே?

பதில்: அல்ல. சங்கத் தொகைநூல்களில் அவ்வையார் பாடல்கள் 59. அவற்றில் புறநானூற்றில் மட்டும் 33. அதியமானைப் பாடியவர் இவர்தான்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவை பல நூற்றாண்டு பிந்தியவை. சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. நல்வழியின் கடைசி வெண்பா திருக்குறளோடு மூவர் தமிழையும் திருவாசகத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தேவார மூவருக்குப் பிறகு வந்தவரே அப்படிப் பாட முடியும். கடவுள் வாழ்த்தில் பிள்ளையார் வருவதையும் கவனியுங்கள். சங்கப் பாடல்களில் அவர் இல்லை. இரண்டு பேரோடு முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. தனிப்பாடல்களில் கம்பரோடு மல்லுக்கு நிற்கும் அவ்வையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அறிஞர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். நக்கீரர், கபிலர், பரணர் கதையும் இதுதான்: சங்கப் புலவர்கள் வேறு, பதினோராம் திருமுறையில் அதே பெயர்களில் வருபவர்கள் வேறு. திருமுறைக்காரர்களுக்கு ‘தேவநாயனார்’ என்ற ஒட்டு இருப்பதால் பிரிப்பது சுலபம்.

கேள்வி: வின்ஸ்டன் சர்ச்சில் நாவலாசிரியரா?

பதில்: அமெரிக்காவில் அப்படி ஒருவர் இருந்தார் (1871–1947). அந்நாளில் அவர்தான் அதிகப் புகழ் பெற்றவர். 1899இல் பிரிட்டிஷ் சர்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதி, இனித் தம் எழுத்துகளில் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று போட்டுக்கொள்வதாகத் தெரிவித்தார். பின்னாளில் பிரதமரானவரின் நூல்களில் நடுவே ‘எஸ்’ வருவது அதனால்தான்.