மாணவர் மன்றத்தில் இருந்ததை அனுபவம் என்று சொல்லலாமா?

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து ஐந்து மாதம் ஆகிறது. படிக்கும்போது மாணவர் மன்றத்தில் தீவிரமாக இருந்தேன். மனநல ஆலோசனைக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால் நிர்வாகத்திடம் மனு கொடுத்து, விடாமல் அலைந்தோம். கூடுதலாக ஓர் ஆலோசகரை நியமித்தார்கள். வார இறுதிகளில் ஒரு குடியிருப்புக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் உதவினேன். இப்போது நேர்காணல்களில் "இதெல்லாம் சரி, அனுபவம் என்ன?" என்கிறார்கள். தரவு ஆய்வு வேலை ஒன்றும் சம்பளம் குறைந்த களப்பணி ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. போராட்டம் என்று அலைந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாய் என்கிறார் அப்பா. அவர் சொல்வதுதான் சரியோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அப்பாவிடம் அப்புறம் வருவோம். முதலில் அந்த நேர்காணல்.

பயோடேட்டாவில் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. "மாணவர் மன்ற உறுப்பினர், மனநல விழிப்புணர்வில் ஆர்வம்." எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எதுவும் பிடிபடாது. ஒரு மாணவர் ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தார், அந்தக் கணக்கை எப்படி எடுத்தீர்கள், யார் கையெழுத்துக்காகக் கோப்பு நின்றது, மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள், புதியவர் வந்தபின் காத்திருப்பு எவ்வளவு குறைந்தது என்று சொல்லிப் பாருங்கள். சம்பளம் கொடுத்து இந்தத் துறையில் செய்யச் சொல்வதும் இதைத்தான். அந்தக் கடைசிக் கணக்கை நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள் என்பது என் சந்தேகம். ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பதுதான். இப்போதாவது ஜூனியர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

மாணவர்கள் கேட்டு என்ன நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் 2001-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடினின் காப்புரிமை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. விற்கும் உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம். தென்னாப்பிரிக்காவில் மலிவான ஜெனரிக் மருந்துக்கு வழிவிடும்படி 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கேட்டபோது, பல்கலைக்கழகம் முதலில் கைவிரித்தது. மாணவர்கள் களமிறங்கினார்கள். மருந்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃபும் அந்தப் பக்கமே நின்றார். அந்த மார்ச்சிலேயே, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வைத்துத் தடுக்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து போய்த் தட்டியதால் நடந்தது அது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது. மன்றத்து வேலையையும் குடியிருப்பு வேலையையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். இரண்டும் வேறு. ஆலோசகருக்காகக் காத்திருந்தவர்களில் நீங்களும் ஒருவர், அதனால் உங்களுக்காக நீங்களே பேசினீர்கள். குடியிருப்பில் அப்படியில்லை. அங்கே நீங்கள் வெளியாள்.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த புதிதில் வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போனேன். ஒரு பெண்மணி கதவைப் பாதி திறந்து, "போன வருஷமும் இதையே கேட்டீங்க. நான் சொன்ன பதிலெல்லாம் என்னாச்சும்மா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அலுவலகத்தில் விசாரித்தால், அறிக்கை மேலே போயிருந்தது, குடியிருப்புக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்கிறது ஆரம்ப சுகாதாரம் பற்றிய சர்வதேச மாநாட்டில் வெளியான 1978-ன் அல்மா-அட்டா பிரகடனம். பரீட்சைக்கு அதை வரி மாறாமல் எழுதியவள்தான் நான்.

தரவா, களமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1854 லண்டன் காலராவில் பிராட் தெருக் கைப்பம்பின் நீர்தான் காரணமென்று சந்தேகித்த மருத்துவர் ஜான் ஸ்நோவைப் பற்றி உங்களுக்குப் பாடமே நடத்தியிருப்பார்கள். அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட்டைப் பற்றி எவ்வளவு சொன்னார்களோ தெரியாது. ஸ்நோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தப்பென்று காட்டலாம் என்றுதான் தனக்குப் பழக்கமான வீடுகளில் ஏறி இறங்கி விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க ஸ்நோ சொன்னதே உறுதிப்பட்டது. பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு குழந்தைக்கு வந்த நோயும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றருகே இருந்த கழிவுக்குழிக்குப் போனதும் அவர் தேடியதில்தான் வெளிவந்தன. இறப்புகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியவர் ஸ்நோ. நடந்ததை மறைக்காமல் சொல்லுமளவுக்கு ஜனங்கள் நம்பிய ஆள் வைட்ஹெட். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் மற்றதன் வாடை இல்லாமல் நல்ல வேலை செய்ய முடியாது.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் களப்பணி. புள்ளியியல் மென்பொருளைப் பின்னாலும் கற்கலாம், ஒரே தெருவில் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் பொறுமை வயது ஏற ஏறக் குறைகிறது. (கல்விக்கடன் கழுத்தை நெரிக்கிறதென்றால் தரவு வேலைக்கே போங்கள், அதில் குற்றவுணர்வு வேண்டாம்.) சேருமுன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "களத்தில் எடுக்கும் தகவல் யாருக்குத் திரும்பப் போகிறது?" நிதி கொடுப்பவருக்கு மட்டும் என்று பதில் வந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

அப்பாவுக்கு வருத்தம் மதிப்பெண்ணில் இல்லை, வேலை கிடைக்கவில்லையே என்பதில்தான் என்று தோன்றுகிறது. அவரோடு வாதம் வேண்டாம். ஜூனியர்களிடமிருந்து வரும் அந்தக் கணக்கை, முன்பு எத்தனை நாள், பின்பு எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அப்புறம், வார இறுதியில் நீங்கள் பரிசோதித்த வீடுகளுக்கு முடிவுகளைச் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.