கல் பொறுக்கத்தான் கூப்பிட்டார்களா?

வாசகர் கேள்வி – பதில்

(அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொதுநலப் பண்ணைகளில் நடக்கும் வசந்தகால வேலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து இப்போது பாஸ்டன் அருகே வசிக்கும் நம் வாசகி ஒருவர் பதிலளிக்கிறார். அங்குள்ள பண்ணை ஒன்றில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்துவருகிறார்.)

வாசகி, பிரேமிங்ஹாம்: கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். சம்பள வேலைக்கு அனுமதி இல்லை. பண்ணையில் தொண்டு செய்யலாமா?

லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் பண்ணையில், வழக்கமாகத் தொண்டர்கள் சம்பளமின்றிச் செய்கிற வேலையைச் செய்யலாம் அம்மா. லாபத்துக்காக நடக்கும் தனியார் பண்ணைக்குப் போகாதீர்கள். அங்கே சும்மா உழைப்பதைத் தொழிலாளர் சட்டமே ஏற்பதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேர வேலை, அதற்கு ஈடாக ஒரு கூடைக் காய்கறி என்று சில பண்ணைகளில் ஏற்பாடு உண்டு. காசு கைமாறாவிட்டாலும் அதைக் கூலியாகக் கருத இடமிருக்கிறது. அதில் சேர வேண்டாம்.

காய்கறி வேண்டுமென்றால் பருவம் தொடங்கும்போதே பணம் கட்டி, பண்ணையின் விளைச்சலில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். 1986இல் இந்தப் பங்கு முறையை அமெரிக்காவில் முதன்முதலாகத் தொடங்கிய இரண்டு பண்ணைகளில் ஒன்று நம் மாநிலத்தின் மேற்குக் கோடியில், சவுத் எக்ரிமாண்ட்டில் இருக்கும் இந்தியன் லைன் பண்ணை. விதை வாங்கும் மாதத்தில் விவசாயியின் கையில் பணம் இருக்க வேண்டும், அதற்காக ஏற்பட்ட முறை. வட்டிக்கு வாங்கி நாற்று விட்ட வீட்டில் பிறந்தவள் நான். இதைக் கேள்விப்பட்ட அன்று அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

வாசகர், திருச்சி: மார்ச் மாதத்தில் பனி மூடிக் கிடக்கும் ஊரில் பண்ணையில் அப்படி என்ன வேலை?

வெங்காய நாற்று. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போதே பாலிதீன் குடிலுக்குள் விதைத்துவிடுவோம். வெங்காயம் முளைப்பதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஊசியை வளைத்ததுபோல ஒரு பச்சை வளையம் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாளில் வளைவு நிமிர்ந்து, நுனியில் கறுப்பு விதைத் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு தட்டு நிறைய அப்படி நிற்பதைப் பார்த்தால் குறுவை நாற்றங்காலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஏப்ரலில் மூன்றாவது திங்கட்கிழமை, பாஸ்டன் மாரத்தான் ஓடும் நாளை ஒட்டிப் பட்டாணி ஊன்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். நமக்கு ஆடிப்பட்டம் போல. தக்காளிக்கு மட்டும் மே மாத நடு வரையாவது பொறுக்க வேண்டும். ஒரு வருடம் மே முதல் வாரத்தில் நல்ல வெயில் அடித்தது. நாற்றுத் தட்டுகளை வெளியே வைத்த நான், மாலையில் உள்ளே எடுத்து வைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவில் உறைபனி. காலையில் பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோல அத்தனை இலையும் கறுத்துத் தொங்கின. இலவச உணவு மையத்துக்குப் போக வேண்டிய தக்காளி அது. மனம் ஆறவே இல்லை. அதிலிருந்து தட்டுகள் உள்ளே போகும் வரை நான் பண்ணையை விட்டுக் கிளம்புவதில்லை.

வாசகர், ஊர் குறிப்பிடவில்லை: பிள்ளைகளுடன் ஒரு சனிக்கிழமை பண்ணைக்குப் போனோம். இரண்டு மணி நேரமும் கல் பொறுக்க விட்டார்கள். இதற்காகவா கூப்பிட்டார்கள்?

ஆமாம், இதற்காகத்தான் கூப்பிட்டார்கள். இந்த நிலம் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும். குளிர்காலத்தில் மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது கல்லும் சேர்ந்து மேலே எழும்புகிறது. பனி உருகும்போது கல்லுக்கு அடியில் மண் சரிந்து நிரம்பிவிடுவதால் கல்லால் பழைய இடத்துக்கு இறங்க முடிவதில்லை. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் புதிதாகக் கல் விளைந்திருக்கும். ஊர் முழுக்க நீங்கள் பார்க்கும் கல் வேலிகளெல்லாம் அப்படிப் பொறுக்கியவைதான். கல்லை விட்டுவைத்தால் விதைப்புக் கருவி இடறும், கேரட் இரண்டு காலாகப் பிளந்து வளரும். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பொறுக்க இந்தப் பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகாது. கான்கார்டில், எழுத்தாளர் தோரோ பிறந்த வீட்டை ஒட்டி கெயினிங் கிரவுண்ட் என்று ஒரு பண்ணை இருக்கிறது. விளைவதை விற்பதே இல்லை, பசித்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே தொண்டர்களின் கை இல்லாமல் எதுவும் நடக்காது.

உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: ஒரு நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் பண்ணைக்கு அதிகப் பயன் இல்லை. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கவே முதல் நாள் போய்விடுகிறது. ஆறு வாரம் தொடர்ந்து ஒரே கிழமையில் போங்கள். மூன்றாவது வாரம் பிள்ளைகளின் பெயர் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாவது வாரம் அவர்கள் ஊன்றிய பட்டாணி எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு சலிப்பு என்று சொல்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள். வர முடியாத நாளில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உங்களை நம்பித்தான் அன்றைய வேலையைப் பிரித்திருப்பார்கள்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மே மாதத்தில் வரும் குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், ஆனால் அது கடித்தால் லைம் என்ற பாக்டீரியா நோய் தொற்றக்கூடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி அனுப்புங்கள்.

வாசகி, மதுரை: நம்ம ஊர்க் கீரை ஏதாவது அங்கே விளைகிறதா?

மே கடைசியில் மண் சூடேறியதும் பருப்புக்கீரை தானாகவே படரும். இங்கே அது களை. பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். நான் ஒரு கூடை கேட்டு வாங்கிவந்து, பாசிப்பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்து எடுத்துக்கொண்டு போனேன். பண்ணையில் எல்லோருமாக வழித்துச் சாப்பிட்டார்கள். இப்போது களை எடுக்கும் நாளில் எனக்கென்று ஒரு கூடையைத் தனியாக வைத்துவிடுகிறார்கள். பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி இனத்துச் செடி. பார்க்கப் பருப்புக்கீரை போலவே தரையோடு படரும், ஆனால் சமைக்கக் கூடாது.