விலை குறைந்த வேப் லிக்விட் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேப், அதாவது மின்சிகரெட்டில் ஊற்றி, சூடாக்கி, ஆவியாக இழுக்கும் நிகோட்டின் திரவம். வழக்கமாக வாங்கும் அதே பெயர், அதே லேபிள், விலை மட்டும் பாதி. போலியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் 'லேசாக இருமல் இருக்கிறது, இதனாலா என்று தெரியவில்லை' என்றும் ஒரு வரி. அப்படியென்றால் வாங்கி, ஊற்றி, சில நாளாக இழுத்துக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நானும் கருவியின் டேங்கில் ஊற்றிய பிறகுதான் இதையெல்லாம் தேட ஆரம்பித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. வேப் நல்லது என்று வாதாடவும் வரவில்லை. பதினோரு வருடம் சிகரெட் பிடித்தவன். எத்தனையோ முறை விட்டுப் பார்த்து, முடியாமல், வேப்புக்கு மாறி, நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை வந்திருந்தேன். அது எனக்குப் பெரிய விஷயம், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். 'அதையும் ஏன் தொட்டாய்' என்று கீழே எழுத வருபவர்கள் எழுதலாம். ஆனால் கேட்டவருக்கு அது பதில் ஆகாது.

ஒருநாள் சாயங்காலம் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒரு பாட்டிலை நீட்டினார். மொத்தமாக மலிவாகக் கிடைத்ததாம். நான் வாங்கும் அதே பெயர், லேபிளில் அதே 3 மில்லிகிராம், மூடியில் சீல்கூட இருந்தது. ஊற்றி இழுத்தேன். வழக்கத்தைவிட மென்மையாக இறங்கியது. தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை. நல்ல சரக்கு போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் நாலைந்து தடவை சேர்த்தே இழுத்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அப்புறம் குப்பென்று வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடவென்று அடித்தது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தவன் எழ முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நண்பர்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த மருத்துவர் ரொம்பப் பொறுமையானவர். என்ன இழுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். 'அதில் என்ன இருந்தது?' என்றார். 3 மில்லிகிராம் நிகோட்டின் என்றேன். 'நிச்சயமாகத் தெரியுமா?' என்று மறுபடி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உள்ளே என்ன போனது என்று போனவனுக்கே தெரியவில்லை. பார்த்தால் நிகோட்டின் அதிகமானது போல இருக்கிறது, ஆனால் 3 மில்லிகிராமுக்கு இப்படி ஆகாது, பாட்டிலைக் கொண்டுவாருங்கள் என்றார். நண்பர் பயத்தில் அதை அதற்குள் குப்பையில் போட்டிருந்தார். அதனால் இசிஜி, எக்ஸ்ரே, விரலில் ஆக்சிஜன் மானி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரவு முழுவதும் வைத்திருந்து அனுப்பினார்கள்.

எனக்கு அது ஏன் தொண்டையில் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. சாதாரண நிகோட்டின் அளவு கூடினால் தொண்டையைப் பிடிக்கும், இருமல் வந்து நாமே நிறுத்திவிடுவோம். 'சால்ட்' என்கிற வகையில் பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்தக் கரகரப்பு அடங்கிவிடும். 50 மில்லிகிராம்கூட மென்மையாக இறங்கும். அது சின்னக் கருவியில் சின்னச் சின்ன இழுப்பாக இழுப்பதற்கானது. என்னுடையது நிறையப் புகை விடுகிற பெரிய டேங்க். லேபிளில் 3 என்று ஒட்டி உள்ளே வேறு எதையோ ஊற்றியிருந்தால் என் தொண்டை அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. என் பாட்டிலில் இருந்தது அதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். பாட்டில் போய்விட்டதே.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் இல்லை. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதித்து வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட 51 பேரின் நுரையீரலிலிருந்து எடுத்த திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. தோலில் பூசும் கிரீமிலும் வைட்டமின் மாத்திரையிலும் இருக்கிற, அங்கே தொந்தரவு தராத பொருள். அது பெரும்பாலும் கஞ்சா எண்ணெய்தானே, நிகோட்டின் லிக்விட் இல்லையே என்று யாராவது வருவார்கள். சரி, உண்மைதான், முக்கால்வாசி அப்படித்தான். நான் சொல்ல வருவது கலப்படம் செய்தவர்கள் அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை. வாங்குபவர்கள் குப்பியைக் கவிழ்த்து, காற்றுக்குமிழி மெதுவாக ஏறினால் கெட்டியான நல்ல சரக்கு என்று முடிவு செய்வார்கள். தண்ணீராக நீர்த்துப்போன எண்ணெயைக் கெட்டியாகக் காட்ட இதை ஊற்றினார்கள். நீங்கள் எந்த அடையாளத்தை வைத்து நம்புகிறீர்களோ அதைத்தான் போலி செய்பவன் முதலில் கற்றுக்கொள்கிறான்.

எழுத்துப்பிழை, பேட்ச் எண் இல்லாதது, கியூஆர் கோடு வேறெங்கோ போவது, இதெல்லாம் இருந்தால் போலிதான். இவை எதுவும் இல்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது. என் பாட்டிலில் எழுத்துப்பிழை இல்லை.

'சாப்பாட்டில் போடும் ஃபிளேவர்தான்' என்று விற்பவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். வயிறு வேறு, நுரையீரல் வேறு. டைஅசிட்டைல் என்று வெண்ணெய் வாசனை தரும் பொருள் இருக்கிறது, உணவில் அனுமதிக்கப்பட்டதுதான். அதன் ஆவியைச் சுவாசித்த பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. அந்தத் தழும்பு திரும்பச் சரியாவதில்லை. 2000-இல் அமெரிக்காவின் மிசௌரியில் தெரியவந்த விஷயம் இது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு வேறு, வேப்பில் வரும் அளவு வேறு என்பது எனக்கும் தெரியும். ஒழுங்கான தயாரிப்பாளர் அதைத் தவிர்க்கவாவது பார்ப்பார். பெயரைத் திருடி விற்பவன் எதற்குப் பார்க்கப்போகிறான்?

இதோடு சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் படுத்திருந்த இரண்டு நாளுக்கு என் அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு தரவில்லை. 'சொந்தப் பழக்கத்தால் வந்தது' என்று சம்பளத்தைப் பிடித்தார்கள். குடித்துவிட்டு விழுந்து கால் உடைந்த ஒருவருக்கு அதே இடத்தில் மூன்று வாரம் கொடுத்தார்கள். அவருக்குக் கொடுத்தது சரிதான், நோயாளியிடம் யார் குற்றவாளி என்று விசாரிக்கக்கூடாது. எனக்கு மட்டும் ஏன் விசாரணை? இப்படிச் செய்வதால்தான் ஆட்கள் மருத்துவரிடமே பொய் சொல்கிறார்கள். அன்று என் நண்பர் பாட்டிலைத் தூக்கிப் போட்டதும் இதே பயத்தில்தான். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

உங்களுக்கு வருகிறேன். அந்த லிக்விடை இன்றோடு நிறுத்துங்கள். நிகோட்டின் இல்லாமல் முடியவில்லை என்றால் மருந்துக்கடையில் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கும். பழையபடி சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள். பாட்டிலை இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையில் பட்டால் உடனே கழுவுங்கள், நிகோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

இருமல் லேசானது என்று விட்டுவிடாதீர்கள். 2019-இல் பலருக்கும் முதலில் இருமல், மூச்சு வாங்குவது, கூடவே காய்ச்சல், வாந்தி என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. முதலில் சளிக்காய்ச்சல் என்றே நினைத்தவர்கள் உண்டு. இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாட்டிலையும் கருவியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்று எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.