லோடோஸ் போர்: எந்த வரிசையில் பார்ப்பது?

'லோடோஸ் போர்' ஜப்பானிய அனிமேஷன் கதையில முதல் பாகமே தலைகால் புரியலைன்னும், 1998 தொடர் பழைய கதையோடு ஒட்டலைன்னும் கேட்டிருந்தீங்க. தப்பு உங்க மேல இல்லை.

1990-இல் தொடங்கின 13 பாக ஓவிஏவில் (OVA, அதாவது நேரா வீடியோவா வெளியான தொடர்) முதல் பாகம் பயணத்தின் நடுவில் நடப்பது. கதாநாயகன் பார்ன் ஊரை விட்டுக் கிளம்பும் கதை 2-இல்தான் வருது. அதனால 2, 3, 4 பார்த்துட்டு 1, அப்புறம் 5 முதல் 8 வரை பாருங்க.

சிக்கலே 8-க்குப் பிறகுதான். அதுவரை மூல நாவலை ஒட்டிப் போற கதை, 9-லிருந்து தனியா ஒரு முடிவுக்குப் போகுது. 1998-இல் வந்த 27 பாக டிவி தொடர் அந்த முடிவைக் கணக்கிலேயே எடுக்கலை. 8-க்கு ஐந்து வருஷம் கழிச்சுத் தொடங்குது. ஓவிஏவில் பலியிடக் கடத்தப்படுறது பார்னோட வர்ற எல்ஃப் பெண் டீட்லிட், டிவி தொடரில் மந்திரவாதி ஸ்லேனோட மகள் நீஸ். ரெண்டையும் ஒரே கதையா இணைக்கப் பார்க்காதீங்க.

ஓவியத்துக்கு ஓவிஏதான் என் தேர்வு. டீட்லிட் முகத்தில் விழுற நிழலை மட்டும் கவனிங்க! அசைவு குறைவுதான், நிலைப்படங்கள் நிறைய. ஆனா ஒவ்வொண்ணும் நின்னு பார்க்க வைக்கும். படத்தோட அகல-உயர விகிதம் 4:3, அதனால அகலத் திரை முழுக்க இழுத்து வைக்காதீங்க.